பின் படியிலிருந்து அஸ்வெசும வரை: வில்கமுவவில் உதவிப்பணமும் அதன் அளவுகோலும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசியப் பூங்காவுக்குத் தெற்கே உள்ள நெல் விளையும் பிரதேசம் வில்கமுவ. ஹெட்டிபொல இதன் கடைத்தெரு. யானைத் தொல்லை இங்கே பழையது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அதைவிடப் புதியது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த அந்த நோய் மத்திய மாகாணத்தில் பிடித்த இடங்களில் வில்கமுவ முக்கியமானது. வயலில் இறங்கி வேலை செய்த நடுவயது ஆண்களையே அது அதிகம் வீழ்த்துகிறது. உழைக்க முடியாதவர் யார், அவருக்கு அரசு எவ்வளவு தர வேண்டும், எந்த நிலைக்கு மேல் தரக்கூடாது என்ற கேள்விகள் அதனால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு எழுபவை. அவற்றுக்கு அரசு சொன்ன பதில்களோ எண்பது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு கொண்டவை.

வறியோர் சட்டம் 1939இல் வந்தது. 30ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களில் மட்டுமே அது செல்லுபடியானது. வில்கமுவ போன்ற காட்டோரக் கிராமங்களுக்கு மிஞ்சியது மத்திய அரசின் சிறிய பொது உதவிப்பணம்தான். ஐவர் ஜென்னிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் அறிக்கை கொடுத்தது. மறு ஆண்டே சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், ஆதரவற்ற முதியோர் ஆகியோருக்குக் கிடைத்த அந்தப் பொது உதவிப்பணத்தைச் சிங்களத்தில் பின் படி என்பார்கள், அதாவது புண்ணியச் சம்பளம். தமிழர் ஊர்களில் அதன் பெயர் இன்னும் கடுமையானது: பிச்சைச் சம்பளம். ஒன்றில் கொடுப்பவரின் புண்ணியம் தெரிகிறது, மற்றதில் வாங்குபவரின் நிலை தெரிகிறது. உரிமை என்ற சொல் இரண்டிலும் இல்லை. ஒருவரின் வறுமையைச் சான்றுபடுத்தியவர் கிராமத் தலைவர். 1963இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்ட பின் கிராம சேவகர்.

வருமானத்துக்கு எண்ணில் வரம்பு கட்டும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது அரிசிக் கூப்பன் வழியாகத்தான். 1942இல் போர்க்காலத்தில் தொடங்கிய பங்கீடு பல தசாப்தங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 1978இல் அது மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு என்று சுருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் உணவு முத்திரை வந்தது: எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 25 ரூபாய், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20, அதற்கு மேற்பட்டவருக்கு 15. மாதச் சம்பளம் வாங்குபவரின் வருமானம் சம்பளச் சீட்டில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு போகம் அறுக்கும் வில்கமுவ விவசாயியின் வருமானம் எங்கே எழுதியிருக்கும்? சொன்னதை எழுதிக்கொள்வதுதான் நடைமுறை. 300 ரூபாய்க்குக் கீழே என்று சொன்னவர்கள் ஏராளம். 1980 மார்ச்சுக்குப் பிறகு புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. முத்திரையின் தொகையும் உயராததால் விலைவாசி அதைத் தின்றது. அதன்பின் வறுமைப்பட்டவருக்கு அப்போதைக்குக் கதவு இல்லை.

உதவி பெறுபவரின் சேமிப்பு விஷயத்தில் பிற நாடுகளிலிருந்து இலங்கை போன பாதை வேறு. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய வறிய மாற்றுத்திறனாளிகளுக்கான துணை வருமானத் திட்டத்தில், தனி ஒருவர் கையில் 2,000 டொலருக்கு மேல் இருக்கக்கூடாது. 1989இல் எட்டிய அந்த எண் இன்னும் அசையவில்லை. பிரித்தானியாவில் வருமானம் பார்த்துத் தரும் உதவிகள் பலவற்றுக்குச் சேமிப்பில் 16,000 பவுண் மேல் வரம்பு. இலங்கையோ வறியவரைச் சேமிக்கவே கட்டாயப்படுத்தியது. ஜனாதிபதி பிரேமதாச 1989இல் தொடக்கிய ஜனசவிய வறுமை ஒழிப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய். அதில் 1,458 செலவுக்கு, மீதி 1,042 சேமிப்பாக இருபத்துநான்கு மாதம் சேர்ந்து ஏறத்தாழ 25,000 ரூபாய் முதலீட்டுக்கு. 1995இல் வந்த சமுர்த்தித் திட்டமும் உதவித்தொகையில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்தது. நினைத்த நேரம் அதை எடுக்க முடியாது. ஆரோக்கியமானவருக்கு இது முதலாகலாம். உழைக்கவே முடியாதவருக்கு அது மருந்துச் செலவிலிருந்து கழித்த பணம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பின்னாளில் குறைந்த வருமானக் குடும்பங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுப்பனவு வந்தது. பிறகு அது 5,000 ஆயிற்று. சிறுநீரக நோயாளருக்கும் தனிக் கொடுப்பனவு ஏற்பட்டது. இவை பிரதேச செயலகம் ஊடாகச் சென்றன. மருத்துவச் சான்று ஒரு பக்கம், கிராம உத்தியோகத்தரின் வருமான அறிக்கை மறுபக்கம். நோயை நிரூபிப்பதைவிட வறுமையை நிரூபிப்பதே பெரும்பாலும் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டதுதான் அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம். அதற்கு அடிப்படையான 2002இன் நலன்புரி நன்மைகள் சட்டம் பல ஆண்டு உறங்கி, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் உயிர்பெற்றது. வாய்மொழி வருமானத்துக்குப் பதிலாகக் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள் வந்தன. மின்சாரப் பாவனை, காணி, வாகனம், விவசாய இயந்திரம், கால்நடை எல்லாம் கணக்கில் சேர்ந்தன. பொய் சொல்வது கடினமாயிற்று, உண்மைதான். ஆனால் வில்கமுவ போன்ற இடத்தில் சொத்து என்பது விற்றுத் தின்னக்கூடிய பொருளல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியை உரியவர் இஷ்டப்படி விற்க முடியாது. முற்றத்தில் நிற்கும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பழுதாயிருக்கலாம், அதை ஓட்டியவர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவராயிருக்கலாம். அளவீடு வீட்டை அளக்கிறது. நோயாளி அந்த வீட்டின் ஓர் அங்கத்தவர் மட்டுமே.

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது பெயர்ப்பட்டியல்கள் பகிரங்கமாக ஒட்டப்பட்டன. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தகுதியில்லாதவர் பெயர் இருந்தால் எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அக்கம்பக்கத்தாரை ஒருவருக்கொருவர் கணக்காய்வாளராக்கிய ஏற்பாடு இது. மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. வறுமைத் தரத்துக்கேற்பக் குடும்பத்துக்கு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என அப்போது நான்கு படிகள் இருந்தன. முதலிரண்டும் குறுகிய காலத்துக்கு, பின்னிரண்டும் மூன்று ஆண்டுக்கு. மாற்றுத்திறனாளிகள் 72,000 பேர், சிறுநீரக நோயாளர் 39,150 பேர், முதியோர் 4,16,667 பேர் எனத் தனிக் கொடுப்பனவுகளுக்கு எண்ணிக்கை முன்கூட்டியே குறிக்கப்பட்டது. 1980இல் முத்திரைக்கு மூடிய கதவு ஓரளவு இதில் திரும்பவும் தெரிகிறது: புது நோயாளி வருகிறார், இடம் காலியாக வேண்டும். மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுகள் முதலில் 5,000ஆக இருந்து 2024இல் 7,500 ஆயின. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாய்க்கு உயர்ந்தன.