நாகைக்குத் தெற்கே: கடற்கரைப் பயணமும் சத்திரங்களின் கணக்கும்

சென்னையிலிருந்து இராமேசுவரம் வரை கடலோரமாகவே நான்கைந்து நாள் காரில் போக வேண்டும் என்ற ஆசை இலக்கிய நண்பர்கள் பலருக்கும் உண்டு. திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் தூரம், அடுத்து விடுதி. மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று தங்குமிடங்களைக் குறித்தபின், நாகைக்குத் தெற்கே உள்ள நீண்ட பகுதியை ஒரே மூச்சில் கடந்துவிடுவதென முடிவாகும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். பயணத்தின் சுவையான வரலாறு அந்தப் பகுதியில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி.

வடபாதியில் நாம் காணும் ஊர்கள் சாலையால் ஒன்றையொன்று அறிந்தவை அல்ல. டேனியர் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்ததும், டச்சுக்காரர் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்ததும், பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் குடியேறியதும் கடல்வழியே. அவ்வூர்களின் வாசல் கிழக்கே இருந்தது. பாலாறு, பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் அகன்று கடலில் கலக்கும் இக்கரையில் தொடர்ச்சியான சாலை எளிதல்ல. சென்னையிலிருந்து மரக்காணம் வரை உப்பும் விறகும் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் போயின. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' கால்வாய்ப் படகுப் பயணத்தைப் பாடுவது நினைவிருக்கும். சென்னை - புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய வடிவில் திறக்கப்பட்டது 1998இல்தான்.

ஆனால் கால்நடையாகப் போனவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கான பயணத் திட்டம் ஒன்று நம்மிடம் பத்திரமாக இருக்கிறது: நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. மரக்காணத்தை ஒட்டியதாகக் கருதப்படும் எயிற்பட்டினத்தில் தொடங்கி வேலூர், ஆமூர் வழியாக நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு, அதாவது இன்றைய திண்டிவனப் பகுதிக்கு, வழி சொல்கிறது அந்நூல். வழியெங்கும் நுணுக்கமாகச் சொல்லப்படுவது சோறு. பட்டினத்தில் நுளையர் வீட்டுத் தேறலும் சுட்ட உலர்மீனும், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். எந்த வாசலில் போய் நிற்கலாம் என்பதுதான் பசித்த பாணனுக்குத் தேவையான நிலப்படம்.

ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இதே கணக்கு, இம்முறை அரசு ஏற்பாடாக, நாகைக்குத் தெற்கே தென்படுகிறது. வடக்கிலிருந்து சேதுவுக்கு நடந்த யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்திய அரசர்கள் சத்திரங்களைக் கட்டினார்கள். அவற்றைப் பேணக் கிராமங்களின் வருவாயை ஒதுக்கினார்கள். பலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம் என்ற ஊரே இருக்கிறது. பேருந்தில் அவ்வழி போகிற எத்தனை பேருக்கு அது ஒரு சோற்றுக்கூடத்தின் பெயர் என்று தோன்றும்!

1799 உடன்படிக்கையால் இரண்டாம் சரபோஜி நாட்டின் ஆட்சியைக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டுமே அவருக்கு மிஞ்சின. சத்திர நிலங்களும் கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது, 1801இல் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டை இழந்த அரசர் இதற்காக மன்றாடுகிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருவோர் எல்லாருக்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மற்றவையும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து இன்னும் சாப்பிடாதவர்களைக் கூவி அழைப்பார்கள். நோயுற்று நடக்க முடியாதவர்களுக்கு அங்கேயே மருத்துவம். இப்படிச் செல்கிறது கடிதம். கும்பெனிக்கு எழுதப்பட்ட விண்ணப்பம் என்பதால் சற்று மெருகு இருக்கலாம். ஆயினும் ஓர் அரசு தன் கடைசிக் கடமையாக எதை எண்ணியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் நான் கண்டதில்லை.

எல்லாச் சாதிக்கும் சோறு என்பதை ஒரே பந்தி என்று படித்துவிடக் கூடாது. சத்திர நிதியில் நடந்த ஒரத்தநாட்டு மாணவர் விடுதியில் பிராமணரல்லாதாருக்கு இடம் கிடைக்க, நீதிக்கட்சியின் ஏ.டி.பன்னீர்செல்வம் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக வர வேண்டியிருந்தது. சத்திரத்தைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இதைச் சொல்கிறவர்கள் நள்ளிரவு மணியைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில் நடந்தவை.

1855இல் கடைசி அரசர் ஆண்வாரிசின்றி இறந்த பின் சத்திரங்கள் அரசு நிர்வாகத்துக்குப் போயின. அவற்றின் தேவையைக் குறைத்தது புகைவண்டி. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேசுவரத்துக்கு வண்டியிலேயே போய் இறங்கலாம் என்றாயிற்று. யாருக்காக உலை வைப்பது?

எனவே திட்டத்தைச் சற்று மாற்றலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவத்தில் பாய்மரக் கப்பல்களே இக்கரையைத் தவிர்த்தன. சனவரி, பிப்ரவரி உகந்தவை. நான்காம் நாள் நாகையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம் வாருங்கள். அங்கே கடலை விட்டு உள்ளே திரும்பி, பட்டுக்கோட்டை தாண்டி ஒரத்தநாடு. முக்தாம்பாள் மணமுடித்த அரசி அல்லர், சரபோஜியின் ஆசைநாயகி. இறக்கும் தறுவாயில் தன் பெயரால் ஒரு சத்திரம் வேண்டுமென்று கேட்டார் என்பது வழக்கு. 1802இல் அது எழுந்தது. வந்த வழியே கடற்கரைக்குத் திரும்பினால் மனோரா. நெப்போலியன் தோற்றதற்கு மகிழ்ந்து சரபோஜி எழுப்பிய கோபுரம். கும்பெனியாரை மகிழ்விக்க ஒன்று, வழிப்போக்கரைக் காக்க ஒன்று என்று இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். எனக்கு மனோராவின் மேல் பெரிய மதிப்பில்லை. அங்கிருந்து தெரியும் கடலுக்காகப் போகலாம்.

பிறகு சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். இரவு இராமநாதபுரத்தில் தங்கிவிட்டு, தனுஷ்கோடியை ஐந்தாம் நாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது.