விருப்ப ஓய்வு: 35 நாள், 25 நாள்

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பணி ஓய்வு பெற்றனர். எம்.டி.என்.எல். ஊழியர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 92,000ஐத் தாண்டும். பி.எஸ்.என்.எல்.லில் அதுவரை இருந்தோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறினர். அரசாணைகளில் இதன் பெயர் ‘விருப்ப ஓய்வு’. அந்த விருப்பம் எவ்வாறு விளைந்தது என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய திட்டங்களுக்கு முறையான விதி 1988 அக்டோபரில் வகுக்கப்பட்டது. முடித்த ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் ஒன்றரை மாத ஊதியம், அல்லது எஞ்சிய மாதங்களுக்கான ஊதியம். இரண்டில் எது குறைவோ அது. 1992இல் உருவான தேசியப் புதுப்பித்தல் நிதி மறுபயிற்சியையும் மாற்றுவேலையையும் வாக்களித்தது. ஆயினும் அதன் பெரும்பகுதி வெளியேறுவோருக்கான இழப்பீட்டிலேயே கரைந்தது.

தொலைத்தொடர்பின் கதை சற்று வேறானது. 2000 அக்டோபர் 1 அன்று அரசுத் துறையொன்று நிறுவனமாயிற்று. துறை ஊழியர்கள் அஞ்சியது ஓய்வூதியத்தைக் குறித்தே. தொழிற்சங்கங்கள் போராடின, மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் 37-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, நிறுவனத்தில் ஈர்த்துக்கொள்ளப்பட்டோருக்கு அரசு ஓய்வூதியம் உறுதியாயிற்று. பணியில் நீடிப்போரின் காப்பாக வென்றெடுக்கப்பட்ட இவ்வுரிமையே பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வெளியேறும் துணிவையும் தந்தது.

2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை, 50 வயது நிறைந்தோரிடம் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. கணக்கு ‘குஜராத் முறை’ எனப்படுவது: முடித்த ஆண்டொன்றுக்கு 35 நாள் ஊதியம், எஞ்சிய ஆண்டொன்றுக்கு 25 நாள். முப்பது ஆண்டு பணியாற்றிய 53 வயது ஊழியருக்கு 1,050 நாளும் 175 நாளுமாக 1,225 நாள் ஊதியம். இனி உழைத்து ஈட்டவிருந்த ஓராண்டு இக்கணக்கில் ஒரு மாதத்துக்கும் குறைவாகச் சுருங்கியது! ஓய்வூதியம் இல்லையெனில் இதனை ஏற்போர் அரியராகவே இருந்திருப்பர்.

வருவாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஊதியத்துக்கே போனது என்பது அப்போது அரசின் வாதம். விகிதம் மெய்யே. ஆனால் விகிதம் ஏறியதற்கு வருவாய் இறங்கியதும் காரணம் அன்றோ? 2016இல் ஜியோ சந்தைக்கு வந்தபின் கட்டணங்கள் சரிந்தன; தனியார் நிறுவனங்கள் 4ஜி சேவை வழங்கிய ஆண்டுகளில் பி.எஸ்.என்.எல்.லுக்கு அதற்குரிய அலைக்கற்றை ஒதுக்கப்படவில்லை. 2019 பிப்ரவரி ஊதியம் மாத இறுதியில் வரவில்லை. மார்ச் நடுவில்தான் கிடைத்தது. பின்னரும் தாமதங்கள் தொடர்ந்தன. மாத ஊதியம் தவறாது வருவதையே அரசுப்பணியின் இலக்கணமாகக் கொண்ட தலைமுறைக்கு, விண்ணப்பப் படிவம் வருமுன்னரே முடிவு பாதி எடுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

எஞ்சியோருள், 2000க்குப் பின் நிறுவனமே நேரடியாகத் தேர்ந்த இளையோருக்கு 37-ஏ பொருந்தவில்லை. கம்பிவடம் பழுதுபார்த்தும் இணைப்பகங்களைக் காத்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளருக்கோ மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றது, பலர் வேலையிழந்தனர். விருப்பம் தெரிவிக்க அவர்களுக்குப் படிவம் ஏதும் வழங்கப்படவில்லை.