சிங்கர் காடு

என் பாட்டி வீட்டுத் திண்ணையில் ஒரு கால் மிஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூவேலை, கீழே வார்ப்பிரும்பில் எழுத்துகள்: சிங்கர். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான். எங்கள் ஊரில் தையல் மிஷின் என்றாலே சிங்கர். அந்தப் பெயரில் ஒரு காடும் இருந்தது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டென்சா ஆற்றை ஒட்டி, டலூலா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்த காடு. வெள்ளம் வந்து வந்து வடியும் தாழ்நிலம். 1913 வாக்கில் சிங்கர் கம்பெனி அங்கே நிலம் வாங்க ஆரம்பித்தது. மிஷினுக்கு மேசையும் பெட்டியும் செய்ய மரம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். கடைசியில் 80,000 ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. வாங்கினார்களே தவிர, உடனே வெட்டவில்லை. சுற்றுவட்டாரத்துக் காடுகளெல்லாம் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் காப்பாற்றியதால் அல்ல, அவசரம் இல்லாததால்.

அந்தக் காட்டில்தான் தந்த அலகு மரங்கொத்தி ஒதுங்கியிருந்தது. அரை மீட்டர் நீளம், கறுப்பும் வெள்ளையும், ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, யானைத் தந்தம் மாதிரி வெளுத்த அலகு. பார்த்தவர்கள் 'கடவுளே!' என்று வாயைப் பிளந்ததால் அந்த வார்த்தையே அதற்குப் பெயராகிவிட்டது என்பார்கள். அரிதாக ஆக ஆக, பாடம்பண்ணி வைக்கும் சேகரிப்பாளர்கள் இன்னும் வேகமாகச் சுட்டார்கள். 1920களில் பறவை முடிந்துபோய்விட்டது என்றே பலரும் முடிவுகட்டியிருந்தார்கள். 1932இல் மேசன் ஸ்பென்சர் என்ற டலூலா வக்கீல், எங்கள் பக்கம் அது இருக்கிறது என்று சொன்னபோது மாநில அதிகாரிகள் நம்பவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் ஒன்றைச் சுட்டு எடுத்து வந்து காட்டினார். உயிரோடு இருக்கிறது என்பதற்குச் செத்த பறவைதான் சாட்சி.

1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆர்தர் ஆலன் குழு வந்தது. ஒலிப்பதிவுக் கருவிகளைக் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றிச் சேற்றுக்குள் இழுத்துப் போனார்கள். அப்போது பதிவான குரல் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுப்பாருங்கள். திருவிழாவில் வாங்கும் பொம்மை ஊதல் சத்தம் போலிருக்கும். இவ்வளவு பெரிய பறவைக்கு இந்தக் குரலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் குழுவில் வந்த இளைஞர் ஜேம்ஸ் டானர், 1937 முதல் மூன்று ஆண்டுகள் இந்த ஒரே பறவையின் பின்னால் அலைந்தார். அவர் கண்டுபிடித்தது கேட்க எளிமையானது. இந்தப் பறவைக்கு வேண்டியது பச்சை மரம் இல்லை. புதிதாகச் செத்த மரம். மரம் பட்டுப்போன முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டை இன்னும் இறுக்கமாக ஒட்டியிருக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வண்டுப்புழுக்கள் கொழுத்துக் கிடக்கும். அந்தப் பட்டையை உளி போட்டது மாதிரி பெயர்க்கும் பலம் இந்த அலகுக்குத்தான் உண்டு. பட்டை தளர்ந்து, கட்டை மக்கத் தொடங்கினால் மற்ற மரங்கொத்திகளின் முறை. ஆகவே பறவைக்குத் தீனி தொடர்ந்து கிடைக்க, காட்டில் ஏதாவது ஒரு பெரிய மரம் எப்போதும் செத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிழ மரங்கள் நிறைந்த பெருங்காட்டில்தான் அது நடக்கும். ஒரு ஜோடிக்கு ஆறு சதுர மைல் என்று டானர் கணக்குப் போட்டார். நாடு முழுக்கச் சுமார் இருபத்திரண்டு பறவைகள் மிஞ்சியிருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கொல்லைத் தென்னைதான் ஞாபகம் வந்தது. காண்டாமிருக வண்டு விழுந்து தலை போன மரம். பொன்முதுகு மரங்கொத்தி அதில் ஒரு பொந்து போட்டது. அது கிளம்பியதும் மைனா, அடுத்த வருஷம் கிளி. மரங்கொத்தி ஒரு தடவை கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும். கொத்தத் தெரியாத மற்றதெல்லாம் வருஷக்கணக்கில் குடியிருக்கும். "பட்ட மரம் வீட்டுப் பக்கம் நிக்கக் கூடாதுடா, வெட்டித் தொலைங்க" என்று அம்மா சொன்னாள். கயிறு பிடித்தது நான்தான். மரம் சாய்ந்ததும் வெட்ட வந்தவர், "தம்பி, உள்ள ஏதோ இருக்கு" என்றார். இறகு முளைக்காத இரண்டு கிளிக்குஞ்சுகள். பாட்டி அட்டைப்பெட்டியில் துணி விரித்து, குழைந்த சோற்றை விரல் நுனியால் ஊட்டினாள். இரண்டாம் நாள் காலை பெட்டியை அவளே எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

சிங்கர் காட்டுக்கு வருகிறேன். 1930களின் கடைசியில் மரம் வெட்டும் உரிமை சிகாகோ மில் என்ற பெட்டி செய்யும் கம்பெனிக்குப் போனது. பிறகு போர் வந்தது; மரத்துக்குக் கிராக்கி. ஆள் பற்றாக்குறைக்கு ஜெர்மன் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து வெட்டவைத்தார்கள். ஆடுபான் சங்கம் மன்றாடியது. நான்கு மாநிலங்களின் கவர்னர்கள் வேண்டிக் கேட்டார்கள். மிச்சமிருந்த காட்டை வாங்க 2,00,000 டாலர் தருவதாக லூசியானா கவர்னர் சொன்னார். 1943 டிசம்பரில் சிகாகோவில் பேச்சுவார்த்தை நடந்தது. கம்பெனி மறுத்துவிட்டது. அவர்களை வில்லனாக்கிவிடுவது சுலபம். நமக்கும் அவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நிற்கிற மரம் பணம், செத்த மரம் குப்பை. செத்த மரத்தை வரவில் எழுதுகிற கணக்குப்பிள்ளை அங்கேயும் இல்லை, எங்கள் கொல்லையிலும் இல்லை.

1944 ஏப்ரலில் டான் எக்கல்பெரி என்ற இளம் ஓவியர் அங்கே போனார். மிச்சமிருந்தது ஒரே ஒரு பெட்டை. இரண்டு வாரம் அவளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். சாயங்காலம் ஊதல் சத்தத்தோடு வருவாள், தன் மரத்தில் ஏறுவாள், பொந்துக்குள் போய் அடைவாள். அமெரிக்காவில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கடைசிப் பார்வை அதுதான்.

2005இல் ஆர்கன்சாவில் கண்டோம் என்று பெரிய செய்தி வந்தது. வீடியோ மங்கல், சண்டை இன்னும் ஓயவில்லை. 2021இல் அழிந்த இனமாக அறிவிக்கப்போகிறோம் என்றது அரசு. 2023இல் இருபத்தோரு இனங்களின் பெயர்களை அப்படி அறிவித்தபோது இதை மட்டும் தள்ளிவைத்தது. டென்சாவில் 1980இல் சரணாலயம் அமைத்தார்கள். அன்று வெட்டிய இடங்களில் தானாக முளைத்து வந்த மரங்களுக்கு இப்போது எண்பது வயது. இனிமேல்தான் அவை சாகத் தொடங்க வேண்டும்.