நாடு நீங்கியோரும் நிலம் பெற்றோரும்

கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே கடலோரச் சாலையிற் செல்பவன் தமிழூரும் சோனகரூரும் அடுத்தடுத்து வருதலைக் காண்பான். இவ்வமைப்பிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நாடுநீக்கக் கட்டளையாகும்.

1626ஆம் ஆண்டிலே போத்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகரை வெளியேற்றினர். வணிகப் போட்டியும் சமயப் பகையும் அதற்கு ஏதுக்களாயின. கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலளித்து, ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்பிலே குடியிருத்தினான். இதனை அருட்செயலென்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. கீழ்க்கரைத் துறைகள் கண்டிக்குக் கடல் வாயில்களாயிருந்தன. போத்துக்கேயரால் துன்புற்றோர் அக்கரையில் வாழ்தல் அரசனுக்கும் நலமே. 1628இற் போத்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். பத்தாண்டில் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. கோட்டை கட்டியோர் போயினர், குடியேறியோர் போகவில்லை. முன்னரே இங்கு வாழ்ந்த சோனகரோடு அவர்கள் கலந்தனர். கீழ்க்கரைச் சோனகரிடத்தே, தமிழரிடத்திற் போன்றே, தாய்வழிக் குடிமுறை நிலவுதல் இம்மண்ணோடு அவர்கள் கொண்ட உறவின் ஆழத்தைக் காட்டும்.

நாடிழந்தோனுக்கு ஏற்றவன் கொடுப்பது நிலமா, காவலா என்பதே இங்கு வினா. 1815இற் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அதன் இறுதியரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் மறு ஆண்டு வேலூருக்கு அனுப்பப்பெற்று, 1832இல் அங்கேயே இறந்தான். அவன் நாயக்கர் வழியினன். தென்னிந்தியா அவன் முன்னோர் நாடு. ஆயினும் தாயகம் திரும்பினான் என்று கூறுதல் தகாது. அவன் பெற்றவை படிப்பணமும் காவலுமே. அவன் உறவினர் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் நுழையின் இராணுவச் சட்டப்படி தண்டனை என்று கண்டி உடன்படிக்கை விதித்தது. பிறப்பையே குற்றமாக்கிய இவ்விதி, போத்துக்கேயர் கட்டளையினும் மென்மையானதன்று.

எகிப்தியத் தலைவர் அறபி பாஷாவின் நிலை இடைப்பட்டது. 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பெற்ற அவர், கொழும்பிலும் கண்டியிலும் பதினெட்டாண்டு வாழ்ந்தார்; சோனகர் கல்வி முயற்சிக்கு ஊக்கமளித்தார். எனினும் மன்னிப்புப் பெற்று 1901இல் மீண்டார். மதிப்புக்குரிய விருந்தினராயினாரேயன்றிக் குடியாகவில்லை.

1626ஆம் ஆண்டுச் செய்தியைப் படிக்கும் தமிழ் மாணவர் 1990ஆம் ஆண்டையும் மறைத்தலாகாது. அவ்வாண்டு ஒக்தோபர் மாதத்திலே விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தார்க்குக் கிடைத்த அவகாசம் சில மணிநேரமே. பல்லாயிரவர் புத்தளத்தை அடைந்தனர். நாட்டெல்லை கடவாவிடினும் அவர்கள் நாடிழந்தோரே. அதே போர்க்காலத்தில் தமிழர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் புகலடைந்து, காலப்போக்கில் அந்நாடுகளின் குடியுரிமையும் பெற்றனர். புத்தளத்தை அடைந்தோர்க்கோ சொந்த நாட்டிலேயே அகதிப் பெயர் நீங்கவில்லை. தென்னோலைக் குடிசைகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது. மன்னாரிலிருந்து வந்தோர் பலர்க்கு வாழ்க்கை புத்தளத்திலும் வாக்குரிமை மன்னாரிலுமாக ஆண்டுகள் கழிந்தன. 2009இற் போர் முடிந்தபின் திரும்பிச் சென்றோர் தம் காணிகளிற் காடு மண்டியிருக்கக் கண்டனர். ஒரு குடும்பத்துக்கு இருந்த வளவை, அதனின்று பெருகிய பல குடும்பங்கள் பங்கிட வேண்டியிருந்தது.