ஏரிக்கு வைத்த முதல்

கடல் நெருக்கும் சிறு தீவு நாடுகள், தற்காப்புக்கு நிலையான பொருள் எங்கே என்று உலக அவைகளில் கேட்கின்றன. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருங்கே தாங்கிய இத்தகைய ஏரிகளைக் காக்க நம் முன்னோர் பொருள் தேடிய வகை யாது?

பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியம் இருந்தால் போதுமா, நேயர்களே? செலவுக்கு வழி வேண்டாவா? சில ஊர்களில் ஏரிப்பட்டி என்று நிலம் விட்டனர். அதன் விளைவு ஏரிக்கே உரியது. வேறு சிலர் ஊர்ச்சபையாரிடம் பொன்னை முதலாக வைத்தனர். முதலைத் தொடலாகாது, பலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் வண்டல் அகற்றவேண்டும். பலிசை என்பது வட்டி.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி அரசின் கருவூலத்தை அடைந்தது. வேலை மட்டும் குடிகளிடம் தங்கிற்று. 1858-ஆம் ஆண்டுச் சட்டமோ குடிமராமத்து உழைப்பை வற்புறுத்திப் பெற வகை செய்தது. பலிசை இருந்த இடத்திற்குக் கட்டாயம் வந்தது என்பேன்.

பசிபிக்கிலுள்ள துவாலு நாட்டின் நிலம் கடல்மட்டத்திற்குமேல் ஐந்து மீட்டரும் உயராதது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளின் உதவியுடன் 1987-இல் அங்கு ஓர் அறக்கட்டளை நிதி வைக்கப்பட்டது. அதிலும் முதலைக் காத்து வருவாயையே எடுக்கின்றனர்.