பள்ளிவாசல் கட்டுமானமும் அனுமதிச் சட்டங்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை



பள்ளிவாசலை விரிவுபடுத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே முதலில் கேட்கப்படுவது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதே. அனுமதி யாரிடம் பெறுவது, ஒப்பந்தத்தில் யார் கையொப்பமிடுவது என்பன அஸ்திவாரம் தோண்டிய பிறகே நினைவுக்கு வருகின்றன. இவ்வழக்கம் எவ்வாறு நம்மிடம் நிலைத்தது என்பதை ஆராயவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் பாட்டனார் காலத்தில் கட்டடம் கொத்தனாரின் வாக்கில் நின்றது. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தே தமிழகத்துப் பழங்கட்டடங்களின் பலம். அக்கடுக்காய் நம் சவ்வாது மலையின் விளைபொருள் என்பதில் நமக்குச் சிறு பெருமையும் உண்டு. பொருளைக் கட்டுவோரே வாங்கித் தந்தனர். கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் நாட்கூலி. வேலை கண்ணெதிரே நடந்தமையால் எழுத்துக்குத் தேவை எழவில்லை. சிமெண்டும் இரும்புக் கம்பியும் வந்து, பொருளையும் கூலியையும் சேர்த்து ஒருவரே ஏற்கும் முறை பரவியபோது நிலைமை மாறிற்று. தூணுக்குள் எத்தனை மில்லிக் கம்பி, கலவை எந்த விகிதம் என்பவை பூச்சு முடிந்தபின் எவர் கண்ணுக்கும் தெரியா. வேலை மாறியது, வாய்ப்பேச்சு மட்டும் மாறவில்லை.

எழுதிவைப்பது நமக்கு அந்நியமான வழக்கமன்று. திருமறையின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்துவது பற்றியதாகும். இல்லாத பொருளை விற்பது கூடாது என்பது பொது விதியாயினும், செய்து தருமாறு சொல்லிவைக்கும் ஒப்பந்தத்தை 'இஸ்திஸ்னா' என்ற பெயரில் ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்தனர். 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டநூலிலும் அதற்கு இடம் தரப்பட்டது. செய்யப்படும் பொருளின் தன்மை, அளவு முதலியவை ஐயமற விவரிக்கப்பட வேண்டும் என்பதே அதன் முதன்மை நிபந்தனை.

இன்னும் முந்தைய சான்று ஒன்று நம்மை வியக்க வைத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவீயா நகரின் சந்தைக் கண்காணிப்பைப் பற்றி நூல் எழுதிய இப்னு அப்தூன், செங்கல், ஓடு ஆகியவற்றின் சரியான அளவைக் காட்டும் மர அச்சுகள் ஜாமிஆப் பள்ளியின் சுவரில் தொங்கவிடப்பட வேண்டும் என்கிறார். செங்கல் குறைந்தால் அளந்து பார்க்கும் இடமாகப் பள்ளிவாசல் இருந்தது!

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி உடன்பாட்டையும் பொதுவாகச் செல்லத்தக்கதாகவே கொள்கிறது. வழக்கு வரும்போது அதை மெய்ப்பிப்பதுதான் கடினம்.

அனுமதியின் கதை வேறு. 1920இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னர் 1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. நகராட்சிகளுக்கான 1972ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலும், ஊராட்சிகளுக்கான 1997ஆம் ஆண்டு விதிகளிலும் வழிபாட்டுத் தலங்களுக்கெனத் தனி விதி இடம்பெற்றது. எம்மதத்தினராயினும், பொது வழிபாட்டுக்குரிய கட்டடத்தைப் புதிதாகக் கட்டவோ திரும்பக் கட்டவோ மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்குப் பங்கம் நேரும் எனக் கருதினால் அவர் மறுக்கலாம். இவ்விதி தாமதத்துக்கு வழிசெய்கிறது என்ற மனக்குறை பல ஜமாஅத்துகளுக்கு உண்டு; எங்களுக்கும் உண்டு. அதற்காக விதியே இல்லாததுபோல் நடப்பது பெரும் நட்டத்தில் முடியும்.

சென்னை கோயம்பேட்டில் அதுவே நேர்ந்தது. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் நிலத்தில் திட்ட அனுமதியின்றி எழுந்த பள்ளிவாசலை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 26 அன்று தள்ளுபடி செய்த உச்சநீதிமன்றம், அகற்றிக்கொள்ள மே 31 வரை அவகாசம் மட்டுமே தந்தது. எத்தனை பேரின் உழைப்பும் நன்கொடையும் அதில் கலந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அனுமதி கிடைத்துவிட்டாலே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைப் பலிகொண்ட பதினொரு மாடிக் கட்டடம் அனுமதி பெற்ற ஒன்றுதான். மண்ணின் தாங்குதிறனையும் தூணின் வலுவையும் முத்திரையிட்ட வரைபடம் காப்பாற்றாது. அங்குதான் பொறியாளரின் மேற்பார்வையும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளும் வேண்டியிருக்கின்றன.

2019 முதல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறை அறிமுகமாயிற்று. பள்ளிவாசலுக்கும் அது பொருந்தும் என்று சிலர் நம்மிடம் கூறினர். அது வீடுகளுக்கு மட்டுமே உரிய சலுகையாகும்.

எனவே, கட்டுமானப் பணி எதுவாயினும், நிலத்தின் பத்திரமும் சர்வே எண்ணும் வக்ஃப் பதிவேட்டுடன் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் சரிபார்த்து, பொறியாளரின் வரைபடத்துடன் அனுமதி கோருவதே முறை என்று கருதுகிறோம். ஒப்பந்தக்காரருடன் முத்திரைத்தாளில் எழுதும்போது கம்பி, சிமெண்ட் ஆகியவற்றின் தரம், எந்தக் கட்டம் முடிந்தபின் எவ்வளவு தொகை, கூடுதல் வேலைக்கு யார் ஒப்புதல் என்பவற்றை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். இறுதித் தொகையில் ஒரு பகுதியை மழைக்காலம் ஒன்று கழியும்வரை நிறுத்திவைப்பதும் நலம். ஒழுகும் தளம் முதல் மழையில்தான் தன்னைக் காட்டும்.

நம் பள்ளியின் பழைய வரைபடம், வரி ரசீது, கட்டுமானக் கணக்குப் புத்தகம் முதலியவை எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின், அலுவலகத்தில் காட்டிப் படியெடுத்துக்கொள்ள உதவுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.