ஒரே தெரு, இரண்டு வரி: அமெரிக்க வீடுகளும் இரண்டு தலைமுறைகளும்

அமெரிக்கா என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரு படம். முன்னால் புல்வெளி, பக்கத்தில் கார் ஷெட், பின்னால் கொஞ்சம் தோட்டம், நடுவில் ஒரு தனி வீடு. ஹாலிவுட் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய இந்த வீடு, அந்த நாட்டோடு கூடவே பிறந்தது போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை. சாதாரணத் தொழிலாளிக்கும் சொந்த வீடு கிடைக்கும் என்ற நிலை அங்கே வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்குள் அது கைநழுவிப் போகிறதே என்ற கவலையும் வந்துவிட்டது.

1980களில் முதல் வீடு வாங்கிய அமெரிக்கரின் சராசரி வயது இருபதுகளின் இறுதி. அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2024-இல் அந்த வயது 38. பத்து வயது எங்கே போனது? இளைஞர்கள் காபிக்கும் செல்போனுக்கும் செலவழித்ததால் என்று சொல்பவர்கள் உண்டு. வரலாற்றைப் புரட்டினால் வேறு விடை கிடைக்கிறது.

அரசு போட்ட அஸ்திவாரம்

1930க்கு முன்பு அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்பது வசதி உள்ளவர்களின் சமாச்சாரம். விலையில் பாதியை முதலிலேயே கையில் வைத்திருக்க வேண்டும். மீதியை மூன்று முதல் ஐந்து வருடங்களில் அடைக்க வேண்டும். பல கடன்களில் வட்டி மட்டும் கட்டிவந்து, அசலை மொத்தமாகக் கடைசியில் தர வேண்டும். 1929-இல் பங்குச்சந்தை விழுந்து பெருமந்தம் வந்தபோது வங்கிகள் மூடின, வீடுகள் ஏலத்துக்குப் போயின.

அப்போதுதான் ரூஸ்வெல்ட் அரசு 1934-இல் மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தை உருவாக்கியது. இது நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கிக்கு அரசு ஈடுகட்டும். இந்தத் தைரியத்தில் வங்கிகள் இருபது, இருபத்தைந்து வருடத் தவணைக்கு இறங்கி வந்தன. முன்பணமும் குறைந்தது. 1944-இல் போர் வீரர்களுக்கான சட்டம் வந்தது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பியவர்கள் முன்பணமே இல்லாமல் வீடு வாங்க அது வழி செய்தது.

இதன் அடையாளம் நியூயார்க் அருகே உள்ள லெவிட்டவுன். வில்லியம் லெவிட் என்பவரின் நிறுவனம் 1947-இல் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் வீடு கட்டத் தொடங்கியது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளர்கள் வீட்டுக்கு வீடு நகர்ந்தார்கள். ஒருவருக்கு ஒரே வேலை. 1951க்குள் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். முன்னாள் போர் வீரருக்கு மாதத் தவணை அறுபது டாலருக்குள் அடங்கியது!

1940-இல் அமெரிக்கக் குடும்பங்களில் சுமார் 44 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன. 1960-இல் அது 62 சதவீதம். இருபதே வருடங்களில் நடந்த மாற்றம் இது.

ஆனால் இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. 1930களில் இன்னொரு அரசு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பகுதிகளைத் தரம் பிரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த இடங்களுக்குப் பெரும்பாலும் சிவப்பு. கடன் காப்பீட்டிலும் இதே பாகுபாடு இருந்தது. லெவிட்டவுன் வெள்ளையர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் சொன்னது. வீட்டு விற்பனையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்குள் மலிவு வீடுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. தாத்தா வாங்கிய வீட்டைப் பேரன் விற்றுப் படிப்பதும், தாத்தாவுக்கு வீடே விற்கப்படாததால் பேரன் கடன் வாங்கிப் படிப்பதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

1978: வரிக்கு எதிரான கலகம்

1970களில் பணவீக்கம் அமெரிக்காவை ஆட்டியது. கலிஃபோர்னியாவில் வீட்டு விலைகள் வேகமாக ஏறின. வீட்டு விலை ஏறினால் உரிமையாளருக்குச் சந்தோஷம்தானே? இல்லை. அங்கே சொத்து வரி என்பது வீட்டின் சந்தை மதிப்பை வைத்துப் போடப்பட்டது. விலை ஏற ஏற வரியும் ஏறியது. ஓய்வூதியம் வாங்கும் முதியவரின் வருமானம் அப்படியே நிற்க, வரி ரசீது மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கடனை முழுவதும் அடைத்துவிட்ட வீட்டை வரி கட்ட முடியாமல் விற்க நேருமோ என்ற பயம் பரவியது. இதே நேரத்தில் மாநில அரசின் கஜானாவில் பெரிய உபரி இருந்தது. கோபம் வராமல் இருக்குமா?

ஹோவர்ட் ஜார்விஸ் என்ற எழுபது வயதைத் தாண்டிய தொழிலதிபர் இந்தக் கோபத்துக்குத் தலைமை தாங்கினார். 1978 ஜூன் 6 அன்று '13-வது முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு ஜெயித்தது. அதன் முக்கிய அம்சங்கள் இவை:

1. சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.
2. வரிக்கான மதிப்பு 1975-76ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும்.
3. அதன்பிறகு அந்த மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும்.
4. வீடு கைமாறினால் மட்டும் புதிய சந்தை விலைக்கு மதிப்பு மாறும்.

நான்காவது அம்சத்தில்தான் முடிச்சு இருக்கிறது. கணக்குப்பதிவியலில் இறுதிச் சரக்கை 'அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது' என்று மதிப்பிடும் விதி உண்டு. கலிஃபோர்னியா கிட்டத்தட்ட அதையே சொத்து வரிக்குக் கொண்டுவந்தது. பழைய உரிமையாளருக்கு அடக்க விலை. புதிதாக வாங்குபவருக்குச் சந்தை விலை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். 1975-இல் ஒருவர் 50,000 டாலருக்கு வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். வருடம் 2 சதவீதம் ஏறினால் 2020-இல் வரிக்கான மதிப்பு சுமார் 1,22,000 டாலர். உள்ளூர்க் கூடுதல் வரிகளை விட்டுவிட்டால் வரி சுமார் 1,220 டாலர். பக்கத்து வீடும் அதே அளவுதான். அதை 2020-இல் ஒரு இளம் தம்பதி 10 லட்சம் டாலருக்கு வாங்கினால் வரி 10,000 டாலர். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளிக்கூடம். வரி மட்டும் எட்டு மடங்கு!

நீதிமன்றத்துக்குப் போன நார்ட்லிங்கர்

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்ற பெண் 1988-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 1,70,000 டாலருக்கு ஒரு எளிய வீடு வாங்கினார். 1975-லிருந்து அங்கே அதே மாதிரி வீட்டில் இருப்பவர்களைவிடத் தான் சுமார் ஐந்து மடங்கு வரி கட்டுவது பிறகு தெரிந்தது. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் மதிப்புள்ள மாளிகையின் பழைய உரிமையாளர் கட்டிய வரியும் நார்ட்லிங்கரின் வரியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் இது என்ன நியாயம் என்று அவர் வழக்குத் தொடுத்தார்.

1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. புதிதாக வாங்குபவருக்கு வரி எவ்வளவு என்று வாங்கும் முன்பே தெரியும், வேண்டாம் என்றால் விலகலாம். ஏற்கெனவே குடியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்றது நீதிமன்றம். நீதிபதி ஸ்டீவன்ஸ் மட்டும் மாறுபட்டார். 1970களில் அங்கே வீடு வாங்கியவர்கள் ஏற்கெனவே பெரும் அதிர்ஷ்டசாலிகள், அவர்களுக்கு மேலும் ஒரு சலுகையா என்பது அவருடைய வாதம்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் சிக்கல். முதியவரை வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்பது நியாயம். அந்தப் பாரத்தை ஏன் புதிதாக வருபவர் தலையில் மட்டும் வைக்க வேண்டும் என்பதும் நியாயம். தொண்ணூறுகளில் சாஃப்ட்வேர் வேலைக்காகச் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போன தமிழர்கள் உட்பட, 1978க்குப் பின் வந்த எல்லோரும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

1986-இல் இன்னொரு திருத்தம் வந்தது. பெற்றோரின் வீட்டோடு அவர்களுடைய பழைய வரி மதிப்பும் பிள்ளைகளுக்குப் போகும் என்றது அது. வாரிசு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம். 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில்தான் இது கட்டுப்படுத்தப்பட்டது.

கட்டவிடாத சட்டங்கள்

வரி மட்டும் காரணமா? இல்லை. வீட்டு விலையைப் பெரிதும் தீர்மானிப்பது தேவையும் அளிப்பும். தேவை ஏறியபோது அளிப்பு ஏன் ஏறவில்லை என்பதே அடுத்த கேள்வி.

எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று நகரம் விதி போடுவது செல்லும் என 1926-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. தனி வீடுகள் உள்ள இடத்தில் முளைக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது! பிறகு ஊர் ஊராக இந்த விதிகள் இறுகின. லாஸ் ஏஞ்சலிஸில் 1960-இல் இருந்த விதிகளின்படி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வீடு கட்ட இடமிருந்தது. 1990-இல் அது சுமார் 40 லட்சம் பேருக்குச் சுருங்கியது. நிலம் சுருங்கவில்லை, அனுமதிதான் சுருங்கியது.

இந்த விதிகளை இறுக்கியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்கள். உள்ளூர் ஆட்சிக் கூட்டங்களுக்கு வருபவர்களும் அவர்களே. இனிமேல் அந்த ஊருக்கு வரப்போகிறவருக்கு அங்கே ஓட்டு இல்லை. சொத்து வரி ஒடுங்கியதால் நகராட்சிகளின் கணக்கும் மாறியது. குடியிருப்பு வந்தால் பள்ளி, சாலை, தண்ணீர் எல்லாம் தர வேண்டும், வரியோ சொற்பம். பெரிய கடை வந்தால் விற்பனை வரி கிடைக்கும். கடைக்கு வரவேற்பும் வீட்டுக்குத் தயக்கமும் இப்படி வந்தன.

மாணவர்களைத் தொட்ட ஒரு சம்பவமும் உண்டு. பெர்க்லியில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப் பல்கலைக்கழகம் முயன்றபோது சிலர் வழக்குப் போட்டனர். மாணவர்கள் போடும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் சட்டத்தையே திருத்தியது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

2008க்குப் பிறகு

2005-இல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேல் புதிய வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. கடன் குமிழி உடைந்து, 2008-இல் லேமன் பிரதர்ஸ் திவாலான பிறகு, 2009-இல் அது ஐந்தரை லட்சமாக விழுந்தது. பல கட்டுமான நிறுவனங்கள் மூடின. கட்டுவது குறைந்த அந்த வருடங்களில்தான் 1981க்கும் 1996க்கும் இடையில் பிறந்த தலைமுறை வேலைக்கு வந்தது. வேலையும் கிடைக்கவில்லை, வீடும் குறைந்துபோனது.

பிறகு வட்டி விளையாடியது. 30 வருட வீட்டுக்கடன் வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கி, 2023 அக்டோபரில் 7.79 சதவீதம் வரை ஏறியது. 4 லட்சம் டாலர் கடனுக்கு 3 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,690 டாலர். 7 சதவீதத்தில் சுமார் 2,660 டாலர். குறைந்த வட்டியில் வாங்கியவர் வீட்டை விற்க மனம் வராமல் அப்படியே இருந்துவிட்டார். சந்தைக்கு வீடு வரவில்லை. 2022-இல் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்கே செலவிட்ட குடும்பங்கள் 2 கோடியே 24 லட்சம் என்கிறது ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வு. வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் இது பாதி.

மாறும் காற்று

'எங்கள் தெருவில் வேண்டாம்' என்ற குரலுக்கு எதிராக 'எங்கள் தெருவிலேயே கட்டுங்கள்' என்ற இளைஞர் இயக்கம் 2010களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வளர்ந்தது. மினியாபோலிஸ் நகரம் 2018-இல், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற விதியைக் கைவிட முடிவு செய்தது. ஒரேகன் மாநிலம் 2019-இலும் கலிஃபோர்னியா 2021-இலும் இந்த வழியில் சட்டம் கொண்டுவந்தன. மினியாபோலிஸ் முக்கியச் சாலைகளில் அடுக்குமாடிகளையும் அனுமதித்தது, கட்டாயக் கார் நிறுத்துமிட விதியையும் எடுத்தது. 2017 முதல் 2022 வரை அங்கே வீடுகள் 12 சதவீதம் கூடின. வாடகை ஏறியது 1 சதவீதம் மட்டுமே. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் அதே காலத்தில் 14 சதவீதம் ஏறியது.

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. வீட்டு விலை ஏறும்போது ஒரு தலைமுறையின் புத்தகத்தில் லாபமாக எழுதப்படுவது, அடுத்த தலைமுறையின் புத்தகத்தில் கடனாக எழுதப்படுகிறது. லெவிட்டவுனில் 7,990 டாலருக்கு வீடு வாங்கிய இளைஞரைவிட இன்றைய இளைஞர் சோம்பேறி இல்லை. அவருக்கு அரசு காப்பீடு கொடுத்தது, ஊர் நிலம் கொடுத்தது, நிறுவனம் வேகமாகக் கட்டிக்கொடுத்தது. அந்தப் பேரன்களுக்கும், அன்று கதவு மூடப்பட்டவர்களின் பேரன்களுக்கும் வீடு கட்ட ஊர்கள் இடம் விடுமா என்பதை அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாக இப்போது ஓட்டுப் போட்டுத் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன.